டாக்டர் தொடாத நாய்கள்

ஹட்சன் குடா, மேற்குக் கரை
பிப்ரவரி 11

டாக்டர் ரெம்பலுக்கு,

முதலில் அந்தச் சிவப்பு உள்கால்சட்டை விஷயத்தை முடித்துவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை விசாரணையில் நீங்களும், உங்கள் கால்நடை மருத்துவர் கவுன்சிலின் ஏழு பேரும், அவர்களுடைய வக்கீலும் பார்த்தது என் வீட்டுக்காரருடையது. பின்பக்கத் திறப்பில் ஒரு பொத்தான் இல்லை என்பதையும் பார்த்திருப்பீர்கள். நான் பனிவண்டியில் வந்திருந்தேன். ஊராட்சிக் கூடத்தில் ஹீட்டரை யாரோ மீன் வறுக்கிற அளவுக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். கேமரா இன்னும் ஓடவில்லை என்று என் மருமகன் காஸ்பர் சொன்னான். அவனை நம்பி மேல்பேண்ட்டைக் கழற்றினேன், குனிந்து பூட்ஸையும் கழற்றினேன். நிமிர்ந்தால் திரையில் வரிசையாக முகங்கள். கவுன்சில் தலைவியம்மா மட்டும் கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷி. அன்று சாயங்காலம் ஊர் ரேடியோவில் பிங்கோ ஆட்டத்துக்குச் சொல்லும் எண்களுக்கு நடுவே நாலைந்து பேர் கூப்பிட்டு எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள்.

நான் வந்தது உங்களுக்குச் சாட்சி சொல்ல. என்னை அந்தக் கோலத்தில் பார்த்த பிறகு, "இந்தப் பொம்பளை கையில் ஊசியைக் கொடுத்தது சரிதான்" என்று எந்தக் கவுன்சில் சொல்லும்?

சிரிப்பு போதும். தீர்ப்பு வரும்வரை, நேரில் பார்க்காத எந்தப் பிராணிக்கும் ஃபோனிலோ வீடியோவிலோ மின்னஞ்சலிலோ நீங்கள் யோசனை சொல்லக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். காஸ்பருக்கு வந்த நகலை நான் வரிவரியாகப் படித்தேன். தபாலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. மறந்துவிட்டார்கள். ஆகவே ஸ்டாம்ப் ஒட்டுகிறேன்.

முந்தாநாள் காலை தியோஃபிலின் நாய் வரிசைக்குள் ஒரு பனிநரி வந்தது. தியோஃபில் என் தம்பி. ஒவ்வொரு வருஷமும் ஊசி போடும்போது உங்கள் திரையின் ஓரத்தில் வெறும் முழங்கையாகத் தெரிவானே, அவன்தான். பட்டப்பகல், மனுஷன் பக்கத்தில் நிற்கிறான், நரி ஓடவில்லை. வாயில் நுரையோடு, கடைக்கு வந்தவள் போல, சங்கிலியில் கிடந்த ஒன்பது நாய்களுக்கும் நடுவே நடந்தது. அவன் சுடுவதற்குள் நாய்கள் அதன் மேல் விழுந்துவிட்டன. எது கடித்தது, எது கடிபட்டது என்று யாருக்கும் தெரியாது. நரியின் தலையை ஐஸ்கிரீம் வாளியில் வைத்து விமானத்தில் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம்.

காஸ்பர் என் மூத்த மகளைக் கட்டியவன், ஊராட்சியில் நாய்களுக்கு அதிகாரி. விதியை அவன்தான் படித்துக் காட்டினான். நரிக்கு வெறிநோய் என்று வந்தால், செல்லுபடியான ஊசி போட்ட நாய்க்கு இன்னொரு பூஸ்டர் போட்டுக் கட்டிவைத்துக் கவனித்தால் போதும். ஊசி இல்லாத நாயைச் சுட்டுவிட வேண்டும்.

"அதான் போட்டாச்சேடா. போன மார்ச்சுல நானே என் கையால போட்டேன்."

"அதான் அத்தை சிக்கலே. நீங்க போட்டீங்க."

டாக்டரே, தியோஃபில் முதலில் ஊசியே வேண்டாம் என்றான். எங்கள் அப்பாவின் நாய்களை நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது சீருடைக்காரர்கள் வந்து சுட்டார்கள். அதிலிருந்து, நாய் பக்கம் வரும் எந்தக் காகிதத்தையும் அவனுக்குப் பிடிக்காது. நான்தான் அவனிடம் பேசிப் பேசி, "ஊசி போட்டுட்டா உன் நாயை ஒருத்தனும் தொட முடியாதுடா" என்றேன். ஃபோனை நான் பிடித்தேன், நீங்கள் ஒன்பது நாக்கையும் பார்த்தீர்கள், சரி போடு என்றீர்கள்.

அது செல்லுமா, செல்லாதா? ஒரே வரி எழுதினால் போதும்.

யூஜெனி உலயோக்


வினிபெக்
பிப்ரவரி 19

அன்புள்ள திருமதி உலயோக்,

இந்தக் கடிதம் மருத்துவ ஆலோசனை அல்ல. இந்த வரியை முதலில் எழுதும்படி என் வக்கீல் சொன்னார். தபாலும் அந்த உத்தரவில் அடங்கும் என்று அவர் நினைக்கிறார். நினைக்கிறார் என்றுதான் சொன்னார், நிச்சயம் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நலம்தானே? இங்கே குளிர். என் மனைவிக்கு முழங்கால் வலி.

எங்கேயோ ஓர் ஊரில் ஒருவரிடம் ஒன்பது நாய்கள் இருந்து, இப்படி நேர்ந்திருந்தால், அவர் ஒவ்வொன்றையும் மற்றதற்கு எட்டாதபடி தனித்தனியாகக் கட்டுவார் என்று நான் கற்பனை செய்துகொள்கிறேன். குழந்தைகளை அந்தப் பக்கம் விடமாட்டார். நரியை வெறுங்கையால் தொட்டிருந்தால் அன்றைக்கே நர்ஸிடம் போய்த் தனக்கும் ஊசி போட்டுக்கொள்வார். அப்படி ஒருவர் இருந்தால்.

நரியின் முடிவு உங்கள் ஊராட்சிக்கு வந்திருக்கும். என்னிடம் சொல்லும் கடமை சோதனைச்சாலைக்கு இல்லை. அங்கே வேலை செய்யும் என் பழைய மாணவி சொன்னாள். வெறிநோய்தான். வருந்துகிறேன்.

நீங்கள் கேட்ட ஒரு வரி என்னிடம் இல்லை. மருத்துவர் அந்தப் பிராணியையோ அது வாழும் இடத்தையோ கடந்த ஒரு வருடத்துக்குள் நேரில் பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. அது முட்டாள்தனமான விதி அல்ல. கண்ணால் பார்க்காத மாட்டுக்கெல்லாம் ஃபோனிலேயே மருந்து எழுதிச் சம்பாதித்தவர்கள் இங்கே இருந்தார்கள், அவர்களைப் பிடிக்கப் போட்டது. அதில் நானும் நீங்களும் மாட்டிக்கொண்டோம். நான் உங்கள் ஊரைப் பார்த்ததில்லை. இருமுறை புறப்பட்டேன், இருமுறையும் காற்றால் விமானம் திரும்பிவிட்டது. கவுன்சில் என்னை மன்னித்தால் போன மார்ச் ஊசிகள் செல்லும். மன்னிக்காவிட்டால், நீங்கள் ஊசியே போடவில்லை என்று பொருள்.

பூஸ்டரை அனுப்பவும் எனக்கு அனுமதி இல்லை. என் உரிமம் போனால் உங்கள் ஊரைப் போன்ற மற்ற ஊர்களுக்கும் ஆள் இல்லாமல் போகும். இது சாக்கு என்று நீங்கள் சொல்வீர்கள். பாதி நாள் நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆர்னால்ட் ரெம்பல்

பி.கு.: உடை பற்றி வருந்த வேண்டாம். ஒலி மிகத் தெளிவாக இருந்தது.


பிப்ரவரி 27

டாக்டர் ரெம்பலுக்கு,

எங்கேயோ இருக்கும் அந்த ஒன்பது நாய்க்காரியிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். உங்கள் மனைவியின் முழங்காலுக்குக் கரடிக் கொழுப்பு தேய்க்கச் சொன்னாள். அது ஆலோசனை அல்ல. பிறகு உங்கள் வக்கீலைப் பற்றி ஒன்று சொன்னாள், அதைத் தபாலில் அனுப்பினால் தபால்காரர் கோபித்துக்கொள்வார்.

நாய்களைத் தனித்தனியாகக் கட்டியாயிற்று. தியோஃபிலும் நானும் ஊசி போட்டுக்கொண்டோம். எங்களுக்கு யார் எழுதிக்கொடுத்தது தெரியுமா? நர்ஸ் ஃபோனைத் தூக்கினாள், ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு டாக்டர் "போடு" என்றார், போட்டாள். போன வருஷம் என் பேத்தி நெற்றியைக் கிழித்துக்கொண்டபோதும் திரையில் பார்த்துத்தான் தையல் போட்டார்கள். அந்த டாக்டர் இந்த ஊர் மண்ணை மிதித்ததில்லை. மனுஷனுக்குத் திரை போதுமாம், நாய்க்கு மட்டும் நேரில் வர வேண்டுமாம். எங்கள் நாய்களுக்கு இவ்வளவு மரியாதை உண்டு என்று எனக்கு இதுநாள்வரை தெரியாது.

நேற்று காஸ்பர் வந்தான். வாசலிலேயே நின்றான். வழக்கமாக அவன் நேராக அடுப்புக்குப் போய்ப் பானைக்குள் எட்டிப் பார்க்கிற ஆள்.

"உள்ள வாடா. பனிமான் சூப் இருக்கு."

"வேண்டாம் அத்தை. மார்ச் எட்டாம் தேதி வரைக்கும்தான் தள்ள முடியும்னு மேலேருந்து சொல்லிட்டாங்க. பள்ளிக்கூடம் போற வழிலதான் நாய்ங்க கட்டியிருக்கு."

"வேற இடத்துல கட்டுறோம்."

"கேட்டேன். கட்டுற இடம் பிரச்சினை இல்ல, ஊசிதான் பிரச்சினைங்கறாங்க."

"நீ ஒரு மாசம் கண்ணு தெரியாத மாதிரி இருந்துட்டுப் போயேன். கல்யாணத்துக்கு முன்னாடி என் பொண்ணு வீட்டுப் பின்பக்கமா நீ வந்தப்ப நான் இருக்கலையா?"

பாவம், சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "என் பசங்களும் அந்த வழியாத்தான் போறாங்க அத்தை," என்றான்.

அவன் பிள்ளைகள் என் பேரப்பிள்ளைகள்.

தியோஃபில் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். சண்டை போட்டால் நிம்மதியாக இருக்கும். வருகிறான், டீ குடிக்கிறான், கோப்பையைக் கழுவி வைக்கிறான், போகிறான். இத்தனை வயதில் அவன் கோப்பையைக் கழுவி நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை, பயமாக இருக்கிறது.

நேரில்தான் பார்க்க வேண்டுமென்றால் நேரில் வாருங்கள், டாக்டரே. ஒன்பதையும் தொடுங்கள். முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், வண்டிக்கு முன்னால் ஓடும் நாயின் பெயர் துலுகாக், கருப்பு, பெரியது, ஆனால் வெட்கப்படும். காதுக்குப் பின்னால் தொட்டால் ஒன்றும் செய்யாது. என் வீட்டில் படுக்கலாம். என் வீட்டுக்காரரின் குறட்டை பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம்.

யூஜெனி


சர்ச்சில், விடுதி
மார்ச் 6

அன்புள்ள யூஜெனி,

புறப்பட்டேன். பனிப்புயலால் பாதி வழியில், இந்த ஊரிலேயே இறக்கிவிட்டார்கள். இது மூன்றாவது நாள். என் அறையிலிருந்து ஓடுபாதை தெரிய வேண்டும் என்கிறார்கள். எனக்கு ஜன்னல் கண்ணாடி மட்டும்தான் தெரிகிறது. காலையில் விமானி மேலே பார்க்கிறார், தலையை ஆட்டுகிறார், காப்பி குடிக்கப் போகிறார்.

உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வந்து தொட்டாலும், தொட்ட நாளிலிருந்துதான் கணக்கு. நரி வந்த நாளுக்கு அது உதவாது. விதியை மீண்டும் படித்துப் பார்த்தேன். புறப்படும்போதே தெரியும். பிறகு ஏன் புறப்பட்டாய் என்றால், வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. மனைவி கேட்டபோது, நாய்களைப் பார்க்கப் போகிறேன் என்றேன். இத்தனை வருடத்தில் ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டாமா என்றாள்.

உதவக்கூடியது தீர்ப்பு மட்டுமே. தலைவிக்கு இங்கிருந்து ஃபோன் செய்தேன். அவர் கவுன்சிலை அவசரமாகக் கூட்டச் சம்மதித்திருக்கிறார், ஆனால் ஏழு பேரில் ஐந்து பேராவது வேண்டும், மூன்று பேர் விடுமுறையில் வெயில் தேடிப் போயிருக்கிறார்கள். காஸ்பரிடம் இன்னும் ஒரு வாரம் கேளுங்கள். இது ஆலோசனைதான். வக்கீல் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும்.

காற்று நின்றதும் போகும் முதல் சரக்கு விமானத்தில் இந்தக் கடிதம் வரும். அதில் ஆளுக்கு இடம் இல்லையாம்.

ஆர்னால்ட்


மார்ச் 14

டாக்டரே,

உங்கள் கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது.

காஸ்பர் எட்டாம் தேதி வரவில்லை. ஒன்பதாம் தேதியும் வரவில்லை. வயிற்று வலி என்று படுத்துக்கொண்டான். மேலிடத்திலிருந்து மூன்று முறை ஃபோன் வந்ததாம், மூன்று முறையும் என் மகள் எடுத்து, கழிப்பறையில் இருக்கிறார் என்று சொன்னாளாம். அவன் வேலைக்கு இதனால் என்ன ஆகும் என்று தெரியாது. பத்தாம் தேதி காற்று நின்றது. அன்று காலை தியோஃபிலே அவன் வீட்டுக்குப் போனான்.

"நீ வராத. நானே பாத்துக்கறேன்."

"மாமா, இன்னும் ரெண்டு நாள்..."

"எதுக்கு? அப்பாவோடத சீருடைக்காரங்க சுட்டாங்க. என்னோடதுக்குச் சீருடை வேண்டாம்."

துலுகாக் இரண்டு நாளாக மீனைத் தொடவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தே அதற்குப் புரிந்துவிட்டது என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கட்டிவைத்த நாய்களைச் சங்கிலியில் வைத்தே சுட வேண்டும் என்பது உத்தரவு. அவன் ஒன்பதுக்கும் வார் மாட்டி வண்டியில் பூட்டினான். ஒரு மாசமாகக் கட்டிக் கிடந்த நாய்கள். வாரைக் கண்டதும் என்ன சந்தோஷம், என்ன கூச்சல்! ஊரே ஜன்னலுக்கு வந்தது, ஒருவரும் வெளியே வரவில்லை. காஸ்பர் கதவருகே திரும்பி நின்றுகொண்டான். நான் வண்டி வரைக்கும் போனேன்.

"தம்பி, நானும் வரேன்டா."

"அக்கா, வீட்டுக்குப் போ. டீ போட்டு வை."

கடற்கரை முனைக்கு அப்பால் போனார்கள். ஓட்டம் நன்றாக இருந்தது. வெடிச் சத்தத்தை நான் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது என்று ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். பிங்கோ ஓடிக்கொண்டிருந்தது. அதனால் எண்களாகவே கேட்டது.

திரும்பும்போது வண்டியைத் தானே இழுத்துக்கொண்டு வந்தான். வார்களைச் சுருட்டி வண்டியில் வைத்திருந்தான். டீ குடித்தான், கோப்பையைக் கழுவினான்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை எழுதினால் உங்களுக்கும் எனக்கும் நல்லது என்று அரைமணி நேரமாகப் பார்க்கிறேன். வரவில்லை.

யூஜெனி


வினிபெக்
மார்ச் 24

அன்புள்ள யூஜெனி,

இதை அனுப்பலாமா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்தேன். மேலிடத்திலிருந்து எப்படியும் ஊராட்சிக்கு நகல் வரும். அதற்கு முன் என்னிடமிருந்து தெரிவதே முறை.

கவுன்சில் பதினொன்றாம் தேதி கூடியது. நீங்கள் போட்ட ஊசிகள் செல்லும். போன மார்ச் மட்டுமல்ல, தொடக்கத்திலிருந்து என் மேற்பார்வையில் ஃபோன் வழியாகப் போட்ட எல்லா ஊசிகளும் முழுமையாகச் செல்லும் என்று ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறார்கள். ஊருக்கு வர முடியாத நிலையில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆள் திரையில் காட்டினால் அது நேரில் பார்த்ததற்குச் சமம் என்று இனிமேல் விதியே மாறும். திருமதி உலயோக்கின் சாட்சியம் நேர்மையாகவும் தெளிவாகவும் இருந்தது என்று தலைவி தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

என் சகாக்கள் வாழ்த்துச் சொல்கிறார்கள். ஒருவர் கேக் கொண்டுவந்தார்.

ஊரில் மற்றவர்களிடம் இருக்கும் நாய்களுக்காக, இதோடு அதே விமானத்தில் புது மருந்துப் பெட்டி வருகிறது. இந்த முறை அனுமதியோடு அனுப்புகிறேன். உங்கள் தம்பியிடம் நான் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. தெரிந்தால் எழுதுங்கள்.

ஆர்னால்ட்


ஏப்ரல் 2

ஆர்னால்ட்,

கேக்கில் எனக்கும் ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கலாம். என் சாட்சியமும் உண்டே.

கடிதத்தைப் படித்தபோது தியோஃபில் எதிரேதான் இருந்தான். ஒரு மாசத்துக்குப் பிறகு அவனாக வாயைத் திறந்தான்.

"என்ன எழுதியிருக்கார் உன் டாக்டர்?"

"பொண்டாட்டிக்கு முழங்கால் தேவலையாம்."

"நல்லது," என்றான்.

காஸ்பரிடமும் சொல்லிவிட்டேன், நகல் வந்தால் அவன் மேசைக்குள்ளேயே இருக்கட்டும் என்று. தலையாட்டினான். இந்த ஊரில் ஒரு விஷயம் எத்தனை நாள் மேசைக்குள் இருக்கும் என்று எனக்குத் தெரியும், நானே இந்த ஊரில்தானே இருக்கிறேன். இருக்கும்வரை இருக்கட்டும். தியோஃபிலிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம்.

மருந்துப் பெட்டி விஷயம். எப்போதும் விமானம் வந்த மறுநாள் காலை லூசியன் அதை என் வீட்டில் கொண்டுவந்து தருவான். விமான நிலையத்தில் சரக்கு இறக்குகிறவன், தங்கமான பையன், இதற்கென்று ஒரு நாளும் காசு கேட்டதில்லை. இந்தத் தடவை எனக்கு வீட்டில் உட்காரப் பிடிக்கவில்லை. விமானம் வந்த அன்றே சாயங்காலம் நானே போனேன். கொட்டகைக்கு வெளியே, பனிமேல், பெட்டி தனியாக இருந்தது. வெளியே அன்றைக்கு மைனஸ் முப்பது டிகிரி.

"ஏன்டா லூசியன் இது வெளில கிடக்கு?"

"கிடக்கல, வச்சிருக்கேன். 'குளிரிலேயே வைக்கவும்'னு எழுதியிருக்கு பாரு. உள்ள ஹீட்டர் ஓடுதுல்ல? ராத்திரி பூரா வெளில வச்சிட்டு, காலைல உள்ள எடுத்து உருக்கித்தான் உனக்குக் கொண்டுவருவேன். கட்டியா இருந்தா ஊசில ஏறாதே."

ஒரு தடவை உறைந்துவிட்டால் அது மருந்து இல்லை, வெறும் தண்ணீர் என்று முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். நானும் அதை ஃபிரிட்ஜில், பால் டப்பாவுக்குப் பக்கத்தில், குழந்தை மாதிரி வைத்துப் பார்த்துக்கொள்வேன். லூசியனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"எப்பவாவது மறந்து உள்ள வச்சிருக்கியாடா?" என்று கேட்டேன்.

"ஒரு வருஷம்கூட மறந்ததில்ல, யூஜெனி," என்றான்.

யூஜெனி